சரியான நோ

1

என் ஆராய்ச்சி வாழ்க்கையை இருநூறு சொற்களில் எழுதித் தரும்படி ஆய்வுக்கூட அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். அடுத்த மாதம் எனக்குப் பாராட்டு விழா. "கல உயிரியலில் தொடங்கி, மருத்துவச் சொற்களை ஒழுங்குபடுத்தும் துறையில் உச்சம் தொட்ட பயணம்" என்று முதல் வரியை அவளே எழுதி அனுப்பிவிட்டாள். மிச்சத்தை நான் நிரப்ப வேண்டும். குடும்பத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்தால் வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும் என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

அந்த இருநூறு சொல் இன்னும் எழுதப்படவில்லை. அதற்குப் பதிலாகத் திருகோணமலையில் இருந்து வரும் உங்கள் சஞ்சிகைக்கு இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் உங்களுக்கு அனுப்பும் கட்டுரைகளைத் தவறாமல் வாசிக்கிறவன் நான். பனி, தனிமை, கறிவேப்பிலை கிடைக்காத கவலை. வட இங்கிலாந்தில் நான் இருக்கும் நகரத்தில் கறிவேப்பிலை தாராளமாகக் கிடைக்கிறது. பனியும் எனக்குப் பிடிக்கும். நான் எழுதப்போவது என் அக்காவை நான் கொன்ற விதத்தைப் பற்றி. கொன்றேன் என்பது பெரிய சொல் என்று நினைப்பவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டு வந்து சொல்லுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய முதலாவது ஆண்டுப் பூசை.

2

ஸ்டெல்லா அக்கா எனக்குப் பதினொரு வயது மூப்பு. ஊர் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியில் துண்டு எழுதுகிற வேலை அவருக்கு. காலையில் வரிசை தொடங்கும். ஒவ்வொருவரிடமும் "என்ன வருத்தம்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்து உள்ளே அனுப்புவார். உள்ளே இருந்த டொக்டர்மார் அநேகமாகச் சிங்களம் பேசுகிறவர்கள். ஆகவே காதில் தமிழாக விழுந்தது துண்டில் சிங்களமாகப் போகும். கிண்ணியாவில் இருந்து வருகிறவர் ஒரு சொல் சொல்வார். கட்டைபறிச்சானில் இருந்து வருகிறவர் அதே உபாதைக்கு வேறொரு சொல் சொல்வார். புல்மோட்டையில் இருந்து பஸ் ஏறி வந்த மனிதருக்குச் சில வேளை சொல்லே வராது, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். அக்கா யாரையும் அவசரப்படுத்த மாட்டார்.

"உளைவு வேற, கடுப்பு வேற, குத்து வேற, நோ வேற" என்பார். "சனம் சும்மா சொல்லுறேல்ல. ஒவ்வொண்டுக்கும் ஒரு கணக்கு இருக்கு."

எங்கள் வீடு துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. எங்களுக்குக் கலம் என்றால் கப்பல். உடம்பு முழுவதும் கலங்களால் ஆனது என்று உயிரியல் வாத்தியார் முதன்முதல் சொன்ன நாளில், "அப்ப நங்கூரம் எங்க சேர் போடுறது?" என்று கேட்டு அடி வாங்கினேன். அடித்த கையாலேயே அவர் நுணுக்குக்காட்டியைத் திருப்பி வெங்காயத் தோலைக் காட்டினார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் என்னைக் கொழும்புக்கும் பிறகு இங்கேயும் கொண்டுவந்து சேர்த்தது.

இங்கே பத்து வருடம் ஒரு புரதத்தின் பின்னால் திரிந்தேன். கலத்துக்குள்ளே சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு புரதம். அதைக் கண்டுபிடித்ததாக நினைத்து அதற்கு ஒரு பெயரும் வைத்தோம். கட்டுரை அச்சுக்குப் போகும் கட்டத்தில் தெரிந்தது, வேறொரு நாட்டின் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் அதே புரதத்துக்கு வேறு பெயர் வைத்து, நாங்கள் தொடங்குவதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டது. பெயர் வேறாக இருந்தபடியால் நாங்கள் தேடியபோது அகப்படவில்லை. என் பேராசிரியர் எல்லோர் முன்னிலையிலும், "உனக்கு நுணுக்குக்காட்டியை விட ஒரு நூலகர் தேவைப்பட்டிருக்கிறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் இளமையில் பத்து வருடம் அந்தச் சிரிப்போடு போனது.

அந்த ஆத்திரத்தில்தான் துறை மாறினேன். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர், ஒரே பெயருக்கு இரண்டு பொருள் என்ற குழப்பத்தை மருத்துவத்தில் இருந்து துடைத்தெறிவது என்று கிளம்பினேன். எங்கள் துறை செய்வது அதைத்தான். உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும், நோய்க்கும், நோய்க்குறிக்கும் ஒரு பெயரும் ஒரு இலக்கமும் கொடுப்போம். எது எதன் வகை, எது எதன் பாகம் என்று கணினிக்கு விளங்கும்படி ஒரு பெரிய மரமாகக் கட்டுவோம். அக்காவுக்கு ரெலிபோனில் இதை விளக்கினேன்.

"அப்ப அகராதி எழுதுற வேலை. அதுக்கோ இவ்வளவு படிச்சனீ?"

"அகராதி இல்ல அக்கா. மூட்டு எதின்ர பாகம், காய்ச்சல் எதின்ர வகை எண்டு கொம்பியூட்டருக்குச் சொல்லிக் குடுக்கிறது."

"ஓ. நான் துண்டு எழுதினமாதிரி."

"ஓம், அதுமாதிரித்தான்" என்றேன். சொல்லிவிட்டு ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் அறிந்திருக்க மாட்டார். நான் அறிவேன், ஆகவே எழுதுகிறேன்.

3

பிறகு தமிழின் முறை வந்தது. இங்கத்தைய மருத்துவ நிலையங்களில் ஆங்கிலம் தெரியாத நோயாளிகளுக்காக மேசையில் ஒரு சிறு திரை வைப்பதாக ஏற்பாடு. நோயாளி தன் மொழியில் பேசினால் அது டொக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்லும், டொக்டர் கேட்பதை நோயாளிக்கு அவர் மொழியில் சொல்லும். அதற்கு நோய்க்குறிகளின் தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்று தேவைப்பட்டது. என்னைத் தலைவராகப் போட்டார்கள்.

அக்கா அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அத்தான் காலமாகி, மகள் ஜெனிற்றாவோடு அதே வீட்டில் இருந்தார். சனிக்கிழமைகளில் அவரை அழைப்பேன். மறுமுனையில் கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்கும். வேலைக்குப் போகிற நாட்களைப் போலக் கண்ணாடி போட்டு, தலை வாரி இழுத்து, தயாராக இருப்பாராம். ஜெனிற்றா பிறகு சொன்னாள்.

"முதல் நோவை எழுது" என்றார் முதல் நாளே. "தலை நோ, வயித்து நோ, நாரி நோ, நெஞ்சு நோ. எல்லாத்துக்கும் தாய் அதுதான்."

"வலி எண்டு ஏற்கெனவே போட்டிருக்கு அக்கா."

"வலி எண்டா வலிப்பு. கை கால் இழுத்து வாயில நுரை தள்ளுறது. நோ எண்டா நோ. ரெண்டையும் மாறி எழுதிப்போடாத தம்பி. நான் அந்த வரிசையில ஒருநாளும் மாறி எழுதேல்ல."

நான்கு மாதச் சனிக்கிழமைகளில் அக்கா தந்த சொற்கள் பட்டியலில் பாதிக்கு மேல். மிச்சத்தைச் சென்னையில் இருந்து வந்து எங்களோடு வேலை செய்த ஒரு டொக்டர் தந்தார். நல்ல மனிதர். நாரி என்று கண்டதும், "பெண்களுக்கு மட்டும் வருகிற நோயா?" என்று கேட்டார். இடுப்புக்குப் பின்புறம் என்று விளக்கினேன். கலம் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "பாத்திரமா?" என்றார். செல் என்று மாற்றினேன். இழையம் திசுவானது. எண்ணிக்கை அவர்கள் பக்கம். எத்தனை கோடிப் பேர் பேசுகிறார்கள் என்று ஒரு தரம் கேட்டால் போதும், எங்கள் சொற்கள் எழும்பிக் கதவைத் திறந்துகொண்டு போய்விடும். அவர் கேட்கக்கூட இல்லை. நானாகவே மாற்றிக் கொடுத்தேன். பெரிய மனதோடு நடந்துகொள்வதாக எனக்குள் ஒரு பெருமை.

நோவுக்கு வந்தது வேறு வில்லங்கம். பரீட்சித்துப் பார்த்தபோது, இங்குள்ள தமிழர்கள் பேச்சுக்கு நடுவில் ஆங்கிலத்தில் "நோ" என்று மறுக்கும் இடமெல்லாம் கருவி நோவு என்று பதிந்தது. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டால் "நோ" என்பார்கள், உடனே உடம்பு நோ என்று திரையில் வரும். தொழுகைக்கு நேரமாகிவிட்டதா என்ற கேள்விக்கு "நோ" சொன்ன ஒரு முதியவருக்கு ஏழு இடத்தில் நோ. கூட்டத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எல்லோரையும் விடக் கூடச் சிரித்தேன்.

அந்தச் சொல் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து இரண்டையும் பிரிக்க வழி இருந்தது. அதற்கு இரண்டு மாதம் பிடிக்கும். வெளியிடுவதற்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஓரெழுத்துச் சொற்கள் அத்தனையையும் எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நீங்களும் பாடமாக்கியிருப்பீர்கள், ஓரெழுத்தே ஒரு சொல்லாக நிற்பது தமிழின் சிறப்பு என்று. ஆ, ஈ, பூ, தீ, நோ. சிறப்பை அரை நிமிடத்தில் தீர்மானம் போட்டு எடுத்தோம். நெஞ்சு நோவும் தலை நோவும் அதன் கிளைகள். தாயை எடுத்தால் பிள்ளைகளும் சேர்ந்து போகும்படி மரத்தைக் கட்டியவனும் நான். பிழைகள் மளமளவென்று குறைந்தன, கைதட்டினார்கள்.

அந்தக் கிழமை அக்கா கேட்டார்: "என்ர சொல்லெல்லாம் போட்டியோ?"

"ஓம் அக்கா. எல்லாம் போட்டாச்சு."

"நோ?"

"அதுதானே முதல்."

ஒரு வயது போன மனுசியின் மனம் ஏன் நோக வேண்டும் என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன், இதே சொல்லில்.

4

அக்காவுக்கு விசா இரண்டு தரம் மறுத்தார்கள். திரும்பிப் போவார் என்று நம்புவதற்குப் போதிய காரணம் இல்லை என்று கடிதம் வந்தது. மூன்றாம் தரம் ஏதோ மனமிரங்கிக் கொடுத்தார்கள். அவர் கடைசியில் திரும்பித்தான் போனார், அவர்கள் வீணாகப் பயந்தார்கள்.

வந்து மூன்றாவது கிழமை. காலையில் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவர் கோப்பையை வைத்துவிட்டு இடது தோளைப் பிடித்தார்.

"தம்பி, தோள்மூட்டுக்குள்ள ஒரு நோ. நெஞ்சுக்கும் வருது."

எனக்கு அன்று பட்டியலின் புதிய பதிப்பை வெளியிடும் கூட்டம். சப்பாத்துக்குள் ஒரு காலை விட்டபடி நின்றேன். "குளிருக்கு அப்பிடித்தான் அக்கா. உங்களுக்குப் பழக்கமில்ல. கொஞ்சம் படுத்திருங்கோ" என்றேன். சொல் எனக்கு விளங்கியது. உலகத்தில் யாருக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கியது. கருவியைக் குற்றம் சொல்லும் நாட்களில் இந்தச் சப்பாத்து என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும்.

மகள் கிளேர் விடுமுறைக்கு வந்திருந்தாள், அக்கா அவளுக்கு மாமி. அவளுடைய தாயும் நானும் பிரிந்து ஆறு வருடம், பாதி விடுமுறை அங்கே, பாதி இங்கே. மாமிக்குக் குறையவில்லை என்றால் பக்கத்து மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போ என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். கிளேர் மருத்துவம் படிக்கத் தொடங்கியிருந்த நேரம். அவளுடைய தமிழ் சாப்பாட்டு மேசையோடு நின்றுவிட்ட தமிழ். சோறு, கறி, காணும், வாங்கோ, போங்கோ. நோ என்ற சொல்லை நான் அவளிடம் ஒருபோதும் பாவித்ததில்லை. விழுந்து அழுதுகொண்டு வந்தாலும் நானே ஆங்கிலத்தில்தான் கேட்பேன், டொக்டரிடம் அவள் சொல்லிப் பழக வேண்டும் என்று.

அங்கே என்ன நடந்தது என்பதற்கு என்னிடம் எழுத்தில் ஆதாரம் இருக்கிறது. அதை எடுக்க ஐந்து மாதம் போனது. என் பெயரின் கடைசியில் அப்பாவின் பெயர், அக்காவின் பெயரின் கடைசியில் அத்தானின் பெயர். நாங்கள் இருவரும் உறவு என்பதற்குச் சான்று போதாது என்று எழுதினார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பதைச் சீர்செய்வதற்கே சம்பளம் வாங்குகிறவன், என் அக்கா என் அக்காதான் என்று நிரூபிக்க ஏலாமல் நின்றேன். ஜெனிற்றாவுக்குப் படிவத்தை அனுப்பிக் கையெழுத்து வாங்கினேன். என்னத்துக்கு மாமா என்று கேட்டாள். சும்மா ஒரு ஒழுங்குக்கு என்றேன்.

கடைசியில் வந்தது இரண்டு பக்கம். இடப்பக்கம் அக்கா சொன்னது தமிழில், வலப்பக்கம் கருவி டொக்டருக்குச் சொன்னது ஆங்கிலத்தில். அக்கா ஆங்கிலம் அறவே அறியாதவர் அல்ல. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்தவருக்கு "பெயின்" என்று சொல்லத் தெரியும். ஆனால் உங்கள் மொழியில் பேசுங்கள் என்று திரை சொன்னது. கவுண்டரின் மறுபக்கத்தில் இருந்து வேலை செய்தவர், அங்கே சொன்னபடி செய்கிறவர். அதற்கும் மேலே ஒரு காரணம், முதல் வரியிலேயே இருக்கிறது:

"இது என்ர தம்பி செய்தது. நான் சொல்லுறது இதுக்கு விளங்கும்."

கருவி அதை மொழிபெயர்க்கவில்லை, நோய்க்குறி அல்லாதபடியால் விட்டுவிட்டது. டொக்டர் கேட்டதைத் திரை சுத்தத் தமிழில் கேட்டது: "உங்களுக்கு வலி இருக்கிறதா?"

"இல்ல. வலி எனக்கு ஒருநாளும் வந்ததில்ல."

வலப்பக்கத்தில்: வலி இல்லை, ஒருபோதும் இருந்ததில்லை.

"மார்பில் ஏதாவது உணர்கிறீர்களா?"

"நோ. சரியான நோ."

எங்களூரில் சரியான வெயில் என்றால் தாங்க ஏலாத வெயில். சரியான நோ என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வலப்பக்கத்தில் இருந்தது: "நோ. கரெக்ட். நோ." டொக்டர் நிமிர்ந்து கிளேரைப் பார்த்திருக்கிறார். கிளேர் தலையாட்டியிருக்கிறாள். அந்தத் தலையாட்டல் இந்தத் தாளில் இல்லை, அதைப் பிறகு அவளே எழுதினாள்.

வாய்வுக்குக் குளுசை கொடுத்து அனுப்பினார்கள். பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா சோர்ந்து கிடந்தார். "சொன்னனான் தம்பி, எல்லாம் விளங்கீட்டுது அதுக்கு" என்றார். சந்தோசமாகச் சொன்னார். அடுத்த நாள் காலை பத்து மணிக்குக் குளியலறை வாசலில் விழுந்து செத்துப்போனார்.

உடலோடு நானும் ஊருக்கு வந்தேன். அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்ததும் ஜெனிற்றா கேட்டாள், "அம்மா எங்கயும் நோகுது எண்டு சொல்லேல்லையோ மாமா?"

"இல்லப் பிள்ளை. ஒண்டும் சொல்லேல்ல."

5

வருடம் முடிகிற நேரத்தில் கிளேர் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து நீட்டினாள். மருத்துவ மாணவர்கள் தாங்கள் கண்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுத வேண்டுமாம். நல்லதைத் தெரிவுசெய்து எல்லோர் முன்பாகவும் வாசிக்கச் சொல்வார்களாம். அவளுடையதைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். தமிழ்ச் சொற்கள் சரியா என்று பார்த்துத் தரச் சொன்னாள். என்னிடம் தமிழ் கேட்டு என் மகள் வந்தது அதுதான் முதல் தடவை.

ஆங்கிலத்தில் நன்றாக எழுதியிருந்தாள். அதுவே பெரிய துன்பம். மாமியைப் பற்றி, மாமியின் கை மணத்தைப் பற்றி, அந்த அறையில் இருவரும் உட்கார்ந்த விதத்தைப் பற்றி. "மாமிக்கு ஆங்கிலத்தில் தெரிந்த ஒரே சொல் நோ. அதை அவர் எவ்வளவு உறுதியோடு சொன்னார். யாருக்கும் தொல்லை கொடுக்க விரும்பாத ஒரு தலைமுறையின் பெண். டொக்டர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். நோயாளி இல்லை என்றால் இல்லை என்று மதிப்பது அன்று எனக்குப் பாடமானது." அதற்குப் பிறகு ஒரு பந்தி என்னைப் பற்றி. தன் தந்தை கட்டிய கருவி ஒரு வெளியூர்ப் பெண்ணுக்கு அவளுடைய சொந்தமொழியில் பேசும் கௌரவத்தைக் கொடுத்தது என்று.

கட்டுரையை இரண்டு நாள் வைத்திருந்தேன். சொன்னால், பத்தொன்பது வயதுப் பிள்ளை தன் மாமியின் சாவுக்குத் தலையாட்டியவள் என்று வாழ்க்கை முழுவதும் சுமப்பாள். சொல்லாவிட்டால், அந்தப் பொய்யை மேடையில் ஏறி வாசித்துக் கைதட்டல் வாங்குவாள். வேறு யாராவது என்றால் இதுதான் காரணம் என்று எழுதி முடித்துவிடலாம். எனக்கு இன்னொன்றும் இருந்தது. அவள் என்னைப் பற்றி எழுதிய அந்தப் பந்தி எனக்குப் பிடித்திருந்தது. அவள் சின்னவளாக இருந்தபோதும் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மாமி என்பதை ஆங்கிலத்தில் எழுதிய விதத்தில் ஒரு எழுத்தைத் திருத்தினேன். ஒரு காற்புள்ளி சேர்த்தேன். "நன்றாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்து ஜெனிற்றா வீடியோவில் அழைத்தாள். அங்கே பின்னேரம், இங்கே காலை. கிளேரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரீட்சைக்குப் படித்துப் படித்து முதல் நாள் முழுவதும் தலையிடியோடு கிடந்தவள். அதை நான்தான் ஜெனிற்றாவுக்கு எழுதியிருந்தேன்.

பூசைக்கு யார் யார் வந்தார்கள் என்று ஜெனிற்றா சொன்னாள். கிண்ணியாவில் இருந்து ஒரு பெண் வந்ததாம். தன் தகப்பனின் துண்டை அக்கா எழுதிய விதத்தால்தான் அவர் தப்பினார் என்று சொல்லிக் கல்லறையில் பூ வைத்துவிட்டுப் போனதாம். பிறகு ஜெனிற்றா திரைக்குக் கிட்ட வந்தாள்.

"கிளேர் மச்சாள், தலை நோ மாறீற்றோ?"

கிளேர் சிரித்தாள். "நோ? நோ என்று ஏன் சொல்கிறா?" என்று என்னை ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் ரெலிபோனை அணைத்திருக்கலாம். இணைப்புப் பிழை என்று சொல்லியிருக்கலாம். கை எழும்பவில்லை. கிளேருக்கு விளங்கவில்லை என்று கண்ட ஜெனிற்றா தன் தலையை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைச் சுளித்து, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவது போலக் காட்டினாள்.

"நோ. நோ. பெயின். அம்மா நெடுக நாரி நோ, கால் நோ எண்டு சொல்லுவா, கேக்கேல்லையோ நீங்கள்?"

சிரிப்பு கிளேரின் வாயில் அப்படியே நின்றது. பிறகு, அந்த அறையில் ஒரு வருடத்துக்கு முன் கேட்ட ஒலியை அப்படியே எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள்:

"சரியான?"

"சரியான எண்டா…" ஜெனிற்றா கைகளை அகல விரித்தாள். "இவ்வளவு. கனக்க. தாங்கேலாது."

கிளேர் என் பக்கம் திரும்பினாள். அதன் பிறகு நாங்கள் பேசியது எல்லாம் ஆங்கிலத்தில்.

"உங்களுக்குத் தெரிந்திருந்ததா?"

"ஓம்."

"என் கட்டுரையை நீங்கள் வாசித்தபோதும்?"

"ஓம்."

"அந்தச் சொல் உங்கள் பட்டியலில் இல்லையா? மாமிதானே எல்லாச் சொற்களும் தந்ததாகச் சொல்வீர்கள்."

"இருந்தது. நான்தான் எடுத்தேன்."

"ஏன்?"

முப்பது வருட ஆராய்ச்சி வாழ்க்கையில் என்னிடம் இவ்வளவு நேராக யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. பிழைகள் குறைந்ததைச் சொல்லலாம். வெளியீட்டுத் திகதியைச் சொல்லலாம். காலில் பாதி ஏறிய சப்பாத்தைச் சொல்லலாம்.

"ஓரெழுத்துச் சொல்" என்றேன்.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. எங்கள் ஆங்கிலத்தைப் பின்தொடர முடியாத ஜெனிற்றா பதறிப்போனாள்.

"என்ன மாமா, பிள்ளை ஏன் அழுறா? திரும்ப வந்திட்டுதோ? எங்க நோகுது எண்டு கேளுங்கோ!"

நான் கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அதை என் மகளிடம் தமிழில் கேட்டேன். "கிளேர், எங்க நோகுது?"

கையை எடுக்காமலே "நோ" என்றாள்.

எந்த மொழியில் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஜெனிற்றா அதைத் தமிழ் என்று எடுத்துக்கொண்டு, குளுசை போட்டுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கோ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.